டாக்டரம்மா ஓட்டிய வண்டி

கிளட்சை இன்னும் கொஞ்சம் மெதுவாக விடுங்கள் சார். அவ்வளவுதான். உங்கள் காலுக்கு வண்டி பழக வேண்டும், வண்டிக்கு உங்கள் கால் பழக வேண்டும். இப்போது இரண்டாவது. பஸ் போகட்டும், விட்டுவிடுங்கள். திருச்சி ரோட்டில் பஸ்ஸோடு மல்லுக்கட்டி ஜெயித்தவன் கிடையாது. மூன்றாவது போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது சத்தம் கேட்கிறதா? கேட்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டேன், இப்போது கேளுங்கள். நான் பேசுவது மட்டும்தான் கேட்கும்.

சூலூர் வரைக்கும் போய்த் திரும்பலாம். திரும்புவதற்குள் உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது வாடகைக்கு ஓடிய வண்டி.

ஏன் சார் ஓரம் கட்டுகிறீர்கள்? ஓட்டுங்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான் பாருங்கள்.

சொல்ல வேண்டும் என்பது எங்கள் பழைய கார் யார்டில் புது விதி. ஆவணியிலிருந்துதான் வந்தது. டெஸ்ட் டிரைவ் முடிவதற்குள் வண்டியின் பூர்வீகம் முழுவதையும் வாங்குகிறவர் காதில் போட்டுவிட வேண்டும். அந்த விதி வந்ததற்குக் காரணம் நான்தான் என்கிறார் மேனேஜர். மற்ற சேல்ஸ்மேன்கள் அதற்குச் சுகவனம் சட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுகவனம் என்பது நான். எதை மறைத்தேன், யாரிடம் பொய் சொன்னேன், ஒன்றைக் காட்டுங்கள் சார் என்று மேனேஜரிடமே கேட்டேன். அவரால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாமல்தான் விதி போட்டுவிட்டார். உங்களுக்கு முழுதாகச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, அந்த மாதிரி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போவது. வாடகைக்கு எடுக்கிறவன் எப்படி ஓட்டுவான்? ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்துவிட்டு கோத்தகிரி வரைக்கும் போவான். கார்ப்பெட்டைத் தூக்கினால் ராமேஸ்வரத்து மணல் இருக்கும். பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கும், அதன்மேல் யாரோ ஒரு அப்பா முகத்துக்குப் போடுகிற பவுடரைக் கொட்டியிருப்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் சொந்த வண்டிக்காரன் மட்டும் என்ன செய்கிறான்? சர்வீஸுக்கு விடச் சொன்னால் அடுத்த மாதம் என்பான். வாடகைக் கம்பெனி அப்படி இல்லை சார். நாள் தவறாமல் கழுவும், ஆயில் மாற்றும். பெற்ற பிள்ளையைவிட ஹாஸ்டல் பிள்ளைக்குத்தான் வேளாவேளைக்குச் சாப்பாடு.

வருஷம் ஒன்று ஆனதும் கம்பெனி வண்டிகளை மொத்தமாகத் தள்ளிவிடும். அவர்களுக்கு அது பழசு. எங்கள் கேட்டுக்குள் நுழைந்ததும் அது புதுசு மாதிரி. நடுவில் வண்டிக்கு எதுவும் ஆவதில்லை, ரோட்டைத்தான் தாண்டி வருகிறது.

வந்ததும் நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். நம்பர் பலகையை முறைப்படி வெள்ளைக்கு மாற்றுவோம். பெடலுக்குப் புது ரப்பர் போடுவோம். பெடல் தேய்ந்திருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மனிதர்கள் நம்பமாட்டார்கள். மீட்டரைத் தொடமாட்டோம், அது தப்பு. ரப்பர் தேய்கிற பொருள், தேய்ந்ததை மாற்றுவது தப்பில்லை. அப்புறம் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரிப்போம். உரித்தாலும் பசை போகாது. அதற்கு நீலகிரித் தைலம்தான். பஞ்சில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். போய்விட வேண்டும். எங்கள் ஸ்டோர்காரர் வாங்கித் தருகிற தைலத்தில் கலப்படம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வண்டிக்கு நான்தான் தைலம் போட்டேன். ஆனி மாதம், முகூர்த்த நாள். கை ஈரம் காய்வதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது.

நஞ்சப்பன் என்று ஒருவர், பல்லடம் பக்கம் நாட்டுக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். கூட அவர் மனைவி பூங்கொடி, ஒரே பெண் சௌபர்ணிகா. வீட்டுக்கு முதல் கார். நஞ்சப்பன் வண்டியைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டு மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங் தம்பி, ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதுங்களே. டாக்டர் வண்டிங்களா?"

கவனியுங்கள் சார். அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. நான் சிரித்தேன். சிரிப்பது பொய்யா? வாடிக்கையாளர் எது கேட்டாலும் முதலில் சிரிக்க வேண்டும் என்று எங்களுக்கு ட்ரெயினிங்கே கொடுத்திருக்கிறார்கள்.

"பாத்தியா, வாசத்துலயே சொல்லிப்போட்டேன்," என்று மனைவி பக்கம் திரும்பினார்.

அந்தம்மா டிரைவர் சீட்டைப் பார்த்தார். நான் குள்ளம், நீங்களே பார்க்கிறீர்கள். வண்டியை உள்ளேயிருந்து எடுத்து வந்து நிறுத்தியவன் நான். சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்டி இழுத்துப் போட்டிருந்தேன்.

"சீட்டு இத்தன முன்னால கெடக்குது. பொம்பள டாக்டருங்களா?"

அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. இல்லை அம்மா, நான் குள்ளம் என்று எவனாவது வலியப் போய்ச் சொல்வானா?

"டாக்டரம்மா பேரு என்னங்?"

"பழைய ஓனர் விவரம் சொல்றதில்லீங்க. கம்பெனி ரூல்." இது சத்தியமான உண்மை. அப்படி ஒரு ரூல் இருக்கிறது.

"பெரிய மனுசங்க. வெளிய தெரிய வேண்டாம்னு இருப்பாங்க," என்றார் நஞ்சப்பன்.

அவ்வளவுதான் சார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது நின்றபடியே இருக்கிறேன், அந்தக் குடும்பம் ஒரு லேடி டாக்டரை உண்டாக்கி, அடக்கமான சுபாவமும் கொடுத்துவிட்டது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, வேறெங்கும் போகாத டாக்டர். மலைப்பாதை தெரியாத வண்டி.

அவர்கள் டாக்டருக்கு ஏன் அப்படிப் பறந்தார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அந்தப் பெண் டாக்டர் படிப்புக்கான பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் தவறியிருந்தது. அப்போதுதான் இரண்டாவது ரிசல்ட் வந்த சமயம். பூங்கொடியம்மா டிரைவர் சீட்டை முந்தானையால் துடைத்தார். அதைத் துடைக்கத் தேவையே இல்லை, நான் துடைத்துத்தான் வைத்திருந்தேன்.

"அம்முணி, செருப்பக் கழட்டிப்போட்டு உக்காரு. டாக்டரம்மா உக்காந்த எடம்."

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தாள், வைப்பரைப் போட்டுப் பார்த்தாள். மூன்று பேரில் வண்டியைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

வேகத்தடை வருகிறது சார். பார்த்து.

நல்ல சஸ்பென்ஷன், கவனித்தீர்களா? எப்படித் தேயும்? இந்த வண்டி அவர்கள் வீட்டுக்குப் போய் ஓடவே இல்லை. கோவிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, நேராக ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான்கு நாள் கழித்து நஞ்சப்பன் போன் செய்தார்.

"தம்பி, வண்டியக் கெழக்க பாத்து நிறுத்தலாமுங்களா?"

"தாராளமா நிறுத்துங்க."

"அம்முணி அதுலதானுங் உக்காந்து படிக்கறா. டாக்டரம்மா சீட்டுல. காத்தால உக்காந்தா மத்தியானம் சோத்துக்குத்தான் எறங்கறது. ஒரு ஃபேனும் போட்டுக் குடுத்துட்டேனுங்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வண்டியை ஓட்டாமலே வைத்தால் பாட்டரி இறங்கிவிடும், வாரம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி விடுங்கள் என்றேன். அக்கறை இல்லாதவன் சொல்வானா? விற்றதும் போனை எடுக்காதவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். நான் எல்லா போனையும் எடுத்தேன். டாக்டரம்மா எந்தச் சாமி படம் வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். படம் எதுவும் இல்லீங்க என்றேன். உண்மை. சாமியைக்கூட வெளியில் காட்டிக்கொள்ளாத டாக்டரம்மா என்று அதற்கும் மரியாதை கூடிப்போயிற்று. நான் என்ன செய்யட்டும்?

ஆனி கடைசியில் ஒரு நாள் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நனைந்திருந்தாள். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணா, அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

"பழைய ஓனர் விவரம் சொல்றதில்ல பாப்பா."

"ரூலுங்களா?" என்றாள். டீயை ஊதினாள். "சரிங்ணா, அப்ப நானே சொல்றேன். சாரல் அடிச்சா வண்டி பின்னாடிக் கண்ணாடியில எழுத்துத் தெரியுது. உள்ள இருந்து திரும்பிப் பார்த்தா எடவலமா மாறித் தெரியும், படிக்க வராது. நான் உக்கார்றது டிரைவர் சீட்டுல. மேல இருக்கற கண்ணாடியில பாத்தா நேரா வந்துருது. 'வாடகைக்கு'ன்னு போட்டு, கீழ போன் நம்பர்."

எனக்கு ஸ்டோர்காரர் மேல்தான் கோபம் வந்தது. சுத்தமான தைலம் என்றால் பசை நிற்குமா? நீங்களே சொல்லுங்கள்.

"அப்பாகிட்டச் சொல்லிட்டியா பாப்பா?"

"சொல்லலைங்ணா. சொன்னா வண்டியக் குடுத்துட்டு வேற டாக்டர் வண்டி தேடிக்கிட்டுப் போவாரு. எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும். எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லணும். இந்தப் படிப்பு எல்லாத்துக்கும் ஒத்து வராது, புள்ளைய வேற படிக்க வைங்கன்னு. அவ்வளவுதான். நான் சொன்னா பயந்துக்கிட்டுச் சொல்றேன்ம்பாரு. எங்க சார் சொன்னாரு, கேக்கல. மாமா சொன்னாங்க, கேக்கல. டாக்டரம்மா சொன்னா அந்த நிமிசமே கேப்பாரு. ஒரு காலேஜ்ல பி.காமுக்கு எடம் இருக்குது. ஆவணி வரைக்கும் வச்சிருக்கறேன்னு சொல்லியிருக்காங்க. எங்கூடப் படிச்சவங்க எல்லாம் ரெண்டாவது வருசம் போயிட்டாங்ணா. நான் ஷெட்டுல உக்காந்திருக்கறேன்."

சின்னப் பெண், முகத்தைப் பார்த்தால் பால் வடிகிறது. என்ன கேட்கிறது பாருங்கள்.

"பாப்பா, நீ என்னைப் பொய் சொல்லச் சொல்றே."

"இதுவரைக்கும் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க."

"நான் எதைச் சொன்னேன்? யோசிச்சுப் பாரு. டாக்டர்னு சொன்னது உங்கப்பா. லேடி டாக்டர்னு சொன்னது உங்கம்மா. பெரிய மனுசங்கன்னு சொன்னது திரும்பவும் உங்கப்பா. நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். அதை நான் மெச்சுகிறேன். கண்ணை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, "ஆமாங்ணா. நீங்க சொல்லவே இல்ல," என்றாள்.

பார்த்தீர்களா? இன்றுவரைக்கும் அதை ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை, என் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள். டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வயசுப் பெண் தனியாக வந்துவிட்டுப் போகிறது, நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? கடமை என்று நஞ்சப்பனைக் கூப்பிட்டேன்.

"அம்முணி அங்க வந்துச்சுங்ளா? எதுக்குங் தம்பி?"

"டாக்டரம்மாவப் பத்திக் கேக்க வந்துச்சுங்க."

இதில் ஒரு எழுத்து பொய் உண்டா?

"அப்படிங்ளா!" அவர் குரலே மாறிவிட்டது. "நா வேற, புள்ளைக்குச் சலிச்சுப்போச்சோன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பஸ் ஏறி வந்து கேக்கற அளவுக்கு ஆசை பாருங்க. ஏனுங் தம்பி, டாக்டரம்மா எத்தன தடவ எழுதிப் பாஸ் பண்ணுனாங்ளாம்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. இல்லாத ஆளுக்கு நான் எப்படிக் கணக்குச் சொல்வது? சொன்னால் பொய்யாகிவிடும். பேசாமல் இருந்தேன்.

"ரெண்டுங்ளா?"

பேசாமல் இருந்தேன்.

"மூணுங்ளா?"

அப்போதும் பேசாமல்தான் இருந்தேன் சார்.

"மூணுதானா! நா அப்பவே சொன்னேன். பூங்கொடி, இங்க வா, டாக்டரம்மாவே மூணாவதுலதான் பாஸ் பண்ணுனாங்ளாமா," என்று கத்திக்கொண்டே போனை வைத்துவிட்டார்.

நீங்கள் என்னைப் பார்க்காதீர்கள், ரோட்டைப் பாருங்கள். அதோ அங்கே யு டர்ன். இண்டிகேட்டர் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் எவ்வளவு லேசாகத் திரும்புகிறது பார்த்தீர்களா? ஒற்றை விரலால் திருப்பலாம்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமைதான் வினை. பூங்கொடியம்மா வண்டியைக் கழுவி, முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் திருநீற்றுப் பட்டை போட்டிருக்கிறார். சும்மா மூன்று கோடு இழுத்தால் போதாதா? பக்தி. கை நிறைய எடுத்துப் பூசியிருக்கிறார். பசை இருந்த இடத்திலெல்லாம் திருநீறு பிடித்துக்கொண்டது. மற்ற இடத்தில் உதிர்ந்துவிட்டது. அச்சடித்த மாதிரி 'வாடகைக்கு'. கீழே நம்பர்.

அப்படியே துடைக்காமல் வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். திருச்சி ரோடு முழுக்க. நல்லவேளை, யார்டில் அப்போது வேறு பார்ட்டி யாரும் இல்லை. நான் பின் கண்ணாடியைப் பார்த்தேன். போன் நம்பரில் ஒரு எண்கூட அழியவில்லை. என்ன துல்லியம் என்று நினைத்துக்கொண்டேன். அதை அப்போது சொல்ல முடியுமா?

நஞ்சப்பன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இதுல எத்தன பேர் உக்காந்திருப்பாங்க தம்பி?"

"வருஷம் பூரா ஓடினதுங்க. கணக்கே இல்ல."

"அதுல ஒரு டாக்டராவது உக்காந்திருப்பாருங்ளா?"

எனக்கு மனம் இளகிவிட்டது சார். அந்தப் பெண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? பொய்யாகிவிடக்கூடாது. "சொல்ல முடியாதுங்க. டாக்டருங்களும் ஊட்டி போறாங்கல்ல," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பூங்கொடியம்மாதான் விடவில்லை.

"ஊட்டிக்குப் போற டாக்டர் ஒரு நாள் உக்காந்தா ஒரு நாளைக்கித்தான் ஆகும். புள்ள ஒரு வருசமுல்ல படிக்கோணும்? எங்களுக்கு முழு டாக்டர் வேணுமுங்."

"ஆமாங் தம்பி," என்றார் நஞ்சப்பன். "இதக் குடுத்துக்கறோம். நெசமாலுமே டாக்டரம்மா ஓட்டுன வண்டியாப் பாத்துக் குடுங்க. பழசா இருந்தாலும் பரவால்லீங். ஆனா டாக்டரம்மா கையால சாவி வாங்கோணும். அப்பத்தான் நம்புவோம்."

கோபப்பட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். இப்படிக் கேட்டால் என்ன செய்வது? மேனேஜர் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் அந்த விதி அவர் மண்டைக்குள் முளைத்தது.

தேடினேன் சார். நிஜமான லேடி டாக்டருக்கு எங்கே போவது என்று அலைந்தேன். கடைசியில் டாக்டர் எஸ்தர் என்று ஒருவர், குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர், தன்னுடைய பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு எங்களிடம் வேறு எடுப்பதாக இருந்தார். ஆடியில் கைமாற்ற மாட்டோம் என்றார் நஞ்சப்பன். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் இரண்டு பேரையும் வரச்சொன்னேன்.

டாக்டரம்மா வண்டியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிஜ டாக்டர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. நான்கு மூலையும் நசுங்கல். பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. உள்ளே காலித் தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் தூள், ஒற்றைக் குழந்தைச் செருப்பு. மீட்டர் வேலை செய்யவில்லை. இந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிப் போவதற்கு ஒரு மனிதர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தட்டில் வெற்றிலை பாக்கோடு நிற்கிறார்.

டாக்டர் அவசரத்தில் வந்தார். இவர்கள் மூன்று பேரும் கும்பிட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியைத் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். வைத்துக் கொடுத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்," என்றார் நஞ்சப்பன். "நீங்க எத்தனாவது தடவையில பாஸ் பண்ணுனீங்?"

"எதை?"

"அதானுங், அந்த டாக்டர் பரிச்சை."

"எங்க பேட்ச்சுக்கு அந்தப் பரீட்சையே கிடையாதுங்களே. ப்ளஸ் டூ மார்க்கை வச்சு எடுத்துக்கிட்டாங்க."

நஞ்சப்பன் தட்டைப் பிடித்தபடி நின்றார்.

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீ என்னம்மா பண்றே?"

"கார்ல உக்காந்து படிக்கறேன் மேடம்."

"கார்லயா? ஏன், வீட்ல எடம் இல்லையா?"

டாக்டர் எங்கள் முகங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். "நான் இந்தக் கார்ல சாப்பிட்டிருக்கேன், தூங்கியிருக்கேன், ஒரு தடவை உக்காந்து அழுதுகூட இருக்கேன். படிச்சது மட்டும் கிடையாது," என்றார். அவர் போன் அடித்தது. ஒற்றைச் செருப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, எங்களிடம் எடுத்த வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, நெஜ டாக்டர்," என்றேன் நான். யாராவது ஏதாவது பேச வேண்டுமே. "அவங்க கையாலயே சாவி வாங்கிட்டீங்க." இவ்வளவு தூரம் அலைந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன், ஒரு நன்றி சொல்லலாம். நஞ்சப்பன் சொல்லவில்லை. அந்தப் பெண்ணாவது சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட டாக்டரம்மாவைத்தானே நேரில் கூட்டிவந்து காட்டினேன்?

பூங்கொடியம்மா வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு, "போலாமுங்," என்றார். நஞ்சப்பன் அந்த நசுங்கிய வண்டியை ஒரு தடவை சுற்றி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். இந்தத் தடவை மூக்கை உறிஞ்சவில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்தப் பெண் இப்போது என்ன படிக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும் சார்? வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தை விசாரிக்கக்கூடாது என்றும் எங்களுக்கு ஒரு ரூல் உண்டு. எனக்கு மெமோ கொடுத்தார்கள், விதி போட்டார்கள், என் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெண் விஷயத்தை யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் வண்டியைப் பாருங்கள். வாடகைக் கம்பெனி கவனித்தது போக, இரண்டு மாதம் ஷெட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டு வைத்திருந்த வண்டி. செருப்புக் கால் படாத வண்டி. இனிமேல் தேடினாலும் இப்படி ஒன்று அமையாது. இதையும் நான் பூர்வீகத்தில் சேர்த்துச் சொல்லலாம் அல்லவா? உண்மைதானே?

மெதுவாக சார், யார்டு வந்துவிட்டது. பக்கத்தில் கோழித் தீவனக் கடை தெரிகிறது பாருங்கள், அதற்கு முன்னால் நிறுத்திவிடாதீர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள் சத்தம் போடுவார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால். அன்றைக்கு நஞ்சப்பன் டாக்டரின் நசுங்கிய வண்டியை அந்தக் கடை முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார். நான் கேட் வரைக்கும் போய் வழியனுப்பலாம் என்று வந்து நின்றேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் போனார். தோளில் ஒரு மூட்டையோடு வந்தார். பின்னால் கடைக்காரன் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின் கதவைத் திறந்து, செருப்புக் காலை உள்ளே வைத்து ஊன்றிக்கொண்டு, மூட்டையை சீட்டின் மேல் சரித்தார். அது பாதியில் நின்றது. சௌபர்ணிகா அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, மூட்டையின் காதைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.